மகன் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தால் போலீஸ் எந்த நேரமும் வீட்டுக்குள் வரலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் பிறையில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கணவர் லோரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். 16 வயது மகன் சென்ற ஆண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கில் சிக்கினான். சிறார் நீதிமன்றம் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. பள்ளிக்கு ஒழுங்காகப் போக வேண்டும், இரவு எட்டு மணிக்குமேல் வெளியே இருக்கக் கூடாது, மாதம் ஒருமுறை சமூகநலத் துறை அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதன்படிதான் நடக்கிறான். போன மாதம் இரவு பதினொரு மணிக்குச் சாதாரண உடையில் மூன்று பேர் வந்தார்கள். பக்கத்துத் தாமானில் மோட்டார் காணாமல் போயிருக்கிறது, இவன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி வீட்டைச் சோதனை போட்டார்கள். மகள் அறையில் அலமாரியைக்கூடத் திறந்தார்கள். மகனின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவனையும் அழைத்துப் போய் விடியற்காலை நான்கு மணிக்கு விட்டார்கள். என்னிடம் மலாயில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், என்னவென்று படிக்கவில்லை. இது தெரிந்ததும் நன்னடத்தை அதிகாரி, "இன்னொரு தடவை என்றால் நேரே ஹென்றி கர்னிதான்" என்றார். அவர் அப்படி அனுப்ப முடியுமா? மகள் இப்போது தூங்கவே பயப்படுகிறாள். தைப்பூசத்துக்கு மகனுக்காகப் பால்காவடி வேண்டியிருக்கிறேன்; அவனை இரவில் அழைத்துப் போகலாமா என்றும் தெரியவில்லை.
பெயர் வேண்டாம், பிறை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனை ஹென்றி கர்னி என்ற சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பும் அதிகாரம் நன்னடத்தை அதிகாரிக்கு இல்லை. போலீசுக்கும் இல்லை. அது நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அந்த நீதிமன்றமும் உங்கள் மகனை நேரில் வரவழைத்து, அவன் தரப்பைக் கேட்டு, உரிய அறிக்கையைப் பார்த்த பிறகே முடிவெடுக்க முடியும். மற்றதைப் படிப்பதற்கு முன் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயத்தில்தான் குடும்பங்கள் கண்ட தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன.

கண்காணிப்பில் இருக்கும் பையனின் வீட்டுக்குள் நினைத்த நேரத்தில் நுழையலாம் என்று நம் மலேசியச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி எல்லாருக்கும் பொது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அது. முன்பு தவறு செய்தவன் என்பதால் இவற்றில் எதுவும் குறைந்துவிடாது. அடுத்த வீட்டுப் பையனைச் சோதிக்க என்ன காரணம் வேண்டுமோ அதே காரணம் உங்கள் மகனைச் சோதிக்கவும் வேண்டும். "பட்டியலில் பெயர் இருக்கிறது" என்பது விசாரணையைத் தொடங்க அவர்களுக்கு உதவலாம். அதுவே குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிடாது.

முதலில் நீதிமன்ற ஆணையின் நகல் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். "என்றார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். காதால் கேட்டதை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கடக்க முடியாது. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 98-ஆவது பிரிவின்கீழ் நன்னடத்தைக் கண்காணிப்பு ஓர் ஆண்டுக்குக் குறையாமலும் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாமலும் விதிக்கப்படும். அந்த ஆணையில் எழுதியிருப்பதுதான் நிபந்தனை. எழுதாதது நிபந்தனை ஆகாது, யார் வாயால் வந்தாலும் சரி. எட்டு மணி என்றால், பெற்றோர் உடன் இருந்தாலும் கூடாதா? பள்ளியில் கூடுதல் வகுப்பு இருந்தால் என்ன செய்வது? அதிகாரியின் அனுமதியோடு வெளியே போகலாமா? இதற்கெல்லாம் பதில் அந்தத் தாளில்தான் இருக்கும். நகல் இல்லையென்றால் வழக்கு எண்ணோடு நீதிமன்றப் பதிவகத்துக்குச் சென்று கேளுங்கள். மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். மகனும் கூடவே உட்காரட்டும், ஆணை அவனுக்குத்தானே.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்ட ஒன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவர்கள் பதினொரு மணிக்கு வந்தபோது மகன் வீட்டில் இருந்தான். எட்டு மணி நிபந்தனையை அவன் காப்பாற்றினான் என்பதற்கு வந்த மூன்று பேருமே சாட்சி. இதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

இனி அந்த இரவுக்கு வருவோம். சாதாரண உடையில் வருபவரிடம் போலீஸ் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நீல அட்டை என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும். மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர். வெள்ளை என்றால் சேமப்படைப் போலீஸ். சிவப்பு என்றால் பணியிடைநீக்கத்தில் இருப்பவர். அவருக்கு உங்களிடம் எந்த அதிகாரமும் இல்லை. பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அமைதியாகக் கேட்டால் பெரும்பாலோர் காட்டிவிடுவார்கள்.

சோதனைக்கு வாரண்ட் வேண்டும் என்பதுதான் பொது விதி. ஆனால் வாரண்ட் இல்லாமலே சோதனை போட அனுமதிக்கும் சூழ்நிலைகளும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உண்டு. திருட்டுப் பொருள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நியாயமாகச் சந்தேகிப்பது அவற்றில் ஒன்று. ஆகவே வாசலை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள். தடுத்தால் அதுவே தனி வழக்காக வந்து சேரும். வாரண்ட் இருக்கிறதா, எந்த வழக்குக்காக வந்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். உள்ளே வந்துவிட்டால் சோதனை முடியும்வரை கூடவே இருங்கள். வீட்டில் இருப்பவர் உடனிருக்க அனுமதிக்க வேண்டும் என்றும், எடுத்த பொருள்களையும் அவை இருந்த இடத்தையும் பட்டியலிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்றும், கேட்டால் அதன் நகலைக் கொடுக்க வேண்டும் என்றும் 64, 65-ஆவது பிரிவுகள் சொல்கின்றன. கைப்பேசியை எடுத்துப் போனவர்கள் அப்படி ஒரு பட்டியலைக் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் இப்போதே எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கைப்பற்றிய பொருளைப் பற்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்து அவருடைய உத்தரவைப் பெறும் கடமை போலீசுக்கு 413-ஆவது பிரிவின்கீழ் இருக்கிறது. விசாரணைக்கு வேண்டாத கைப்பேசியைத் திருப்பிக் கேட்க இதுதான் வழி. கடவுச்சொல்லைக் கேட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. சோதனையை நடத்துபவர் இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரியாக இருந்தால்தான் 116பி பிரிவின்படி அதைக் கேட்க முடியும்.

மகனை அழைத்துப் போன ஐந்து மணி நேரத்தைத்தான் நான் மிகக் கடுமையாகப் பார்க்கிறேன். வீட்டுக்குப் போகிறேன் என்று அவன் எழுந்து வந்திருக்க முடியாது என்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது கைதுதான். கைது என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உடனே நடைமுறைக்கு வரும். காரணத்தைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பதற்கோ வாக்குமூலம் எழுதுவதற்கோ முன்பே, உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம் என்று அவனிடம் தெரிவிக்க வேண்டும். அதற்கான வசதியைக் கட்டணம் இல்லாமல் செய்து தர வேண்டும். வழக்கறிஞர் பேசும்போது போலீஸ் பார்க்கலாம். ஆனால் காதில் விழும் தூரத்தில் நிற்கக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள், சாட்சியங்கள் அழிக்கப்படும் என்று நியாயமாக நம்பினால் இந்த உரிமையை அவர்கள் மறுக்கலாம். ஆனால் துணை சூப்பிரிண்டெண்டன் தரத்துக்குக் குறையாத அதிகாரிதான் அதற்கு அனுமதி தர முடியும். வாசலில் நிற்கும் கார்ப்பரல் தாமாக முடிவு செய்ய முடியாது.

உங்கள் மகன் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவன் என்பதால் இதற்கு மேலும் ஒரு கடமை இருக்கிறது. சிறார் சட்டத்தின் 87-ஆவது பிரிவின்படி, கைது செய்த உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். உங்கள் எதிரிலேயே கூட்டிப் போனதால் உங்களுக்குத் தெரிந்தது. அதிகாரிக்கு யார், எப்போது சொன்னார்கள்? அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். நிலையத்தில் பெரியவர்களோடு ஒரே அறையில் அவனை வைத்திருந்தார்களா என்று மகனிடமும் கேளுங்கள். சிறார்களைத் தனியே வைக்க வேண்டும் என்பது 85-ஆவது பிரிவு.

வாக்குமூலம் எழுதினார்களா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்கீழ் எழுதியிருந்தால், அவன் எந்த மொழியில் சொன்னானோ அந்த மொழியில் அதை வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. "நான் இதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்கிறேன்" என்றால் போதும். பொய் சொல்ல வேண்டாம். பொய் சொன்னால் அது வேறு குற்றம்.

நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள் எனக்குக் கவலை தருகிறது. அது பெரும்பாலும் போலீஸ் ஜாமீன் பத்திரமாக இருக்கும். அப்படியானால் அதில் மகன் மறுபடி வர வேண்டிய ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி தெரியாமல் போய்விட்டால், தவறே செய்யாத பையன் தலைமறைவானவன் ஆகிவிடுவான். நாளைக் காலையே அந்த நிலையத்துக்குச் சென்று அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், கணவரோ அண்ணன் தம்பியோ உடன் வரட்டும். இனி எந்தத் தாளாக இருந்தாலும், "படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை நிலையத்துக்கு வரச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தால், எந்த வழக்கு, விசாரணை அதிகாரி யார் என்று கேளுங்கள். சாட்சியாக அழைப்பதென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்கீழ் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். போகாமல் இருந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கண்காணிப்பில் இருக்கும் பையன் ஒளிந்துகொள்வதுபோல் தெரிவதே கெடுதல். பெற்றோரோடு, முடிந்தால் வழக்கறிஞரோடு போகட்டும். ஒருவேளை அவனைத் தடுத்து வைத்து ரிமாண்ட் கேட்டால், மோட்டார் திருட்டுக்குத் தண்டனை 14 ஆண்டுக்குக் குறைவு என்பதால் முதல் விண்ணப்பத்தில் அதிகபட்சம் நான்கு நாள், இரண்டாவதில் மூன்று நாள். அதை முடிவு செய்பவர் மாஜிஸ்திரேட். அங்கே உங்கள் வழக்கறிஞர் பேசலாம்; பரீட்சை இருக்கிறது, உடல்நலம் சரியில்லை என்பதையெல்லாம் சொல்லலாம்.

இப்போது ஹென்றி கர்னி. கண்காணிப்பை மீறினான் என்று அதிகாரி கருதினால் அவர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கலாம். நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ பிறப்பிக்கும். எந்த நிபந்தனையை, எந்த நாளில், எப்படி மீறினான் என்பதை அங்கே நிரூபிக்க வேண்டும். போலீஸ் அழைத்து விசாரித்தது மீறல் அல்ல. சந்தேகிக்கப்பட்டது மீறல் அல்ல. புதிய குற்றம் செய்தான் என்று சொல்ல வேண்டுமானால், அந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருக்க வேண்டும். மீறல் நிரூபிக்கப்பட்டாலும் நீதிமன்றத்தின் முன் பல வழிகள் இருக்கின்றன. கண்காணிப்பை அப்படியே தொடரவிடுவதும் அவற்றில் ஒன்று. மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் அமர்ந்திருப்பார்கள், அவர்களில் ஒருவர் பெண். அவர்கள் உங்களோடும் பேசக்கூடியவர்கள். வாய்ப்புக் கிடைத்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்காமல் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள்.

ஹென்றி கர்னி பள்ளி சிறைத்துறை நடத்துவது. அங்கே அனுப்ப வேண்டுமானால் வயது 14-க்குக் குறையாமல் இருப்பது மட்டும் போதாது. பெற்றோரால் பையனைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று நன்னடத்தை அறிக்கை காட்ட வேண்டும். இதனால்தான் உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். இரவு வேலை முடிந்து வந்த களைப்பிலும் ஆத்திரத்திலும் நம் தாய்மார்கள் அதிகாரியிடம், "என்னால் இவனை அடக்க முடியவில்லை, எங்கேயாவது கொண்டுபோய் வையுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லும்போது அது வெறும் அழுகை. அறிக்கையில் ஏறியபின் அது தாயே கொடுத்த சாட்சி. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. வேண்டிய உதவியைக் கேட்கும் விதமாகச் சொல்லுங்கள்: "நான் இரவு ஷிப்டில் இருக்கும்போது அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவனுக்குக் கைத்தொழில் கற்றுக்கொள்ள இடம் கிடைக்குமா?" நன்னடத்தை அதிகாரியின் வேலை கண்காணிப்பது மட்டும் அல்ல. பையனுக்கு அறிவுரை சொல்வதும் உதவுவதும் நண்பனாக நடந்துகொள்வதும் தேவைப்பட்டால் வேலை தேடித் தருவதும் சட்டம் அவருக்கு வைத்த கடமை. அவரைப் பகையாளியாக நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னது மிரட்டலாகவும் இருக்கலாம், கையில் உள்ள வழக்குகளின் பாரத்தில் வந்த சொல்லாகவும் இருக்கலாம். எதுவானாலும் அடுத்த சந்திப்பில் அந்த இரவில் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். போலீஸ் சொன்ன கதை மட்டும் அவர் கோப்பில் இருக்கக் கூடாது.

பெற்றோர் என்ற முறையில் நீங்களும் மகனின் நன்னடத்தைக்கான பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால், மகன் மீறும்போது அந்தத் தொகைக்கு நீங்கள் பொறுப்பாக நேரிடலாம். அபராதத்தைப் பெற்றோர் கட்ட வேண்டும் என்று உத்தரவிடவும் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் தரப்பைக் கேட்காமல் அப்படி உத்தரவிட முடியாது. விசாரணை நாளில் வராமல் இருந்துவிடாதீர்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்ற தயக்கம் வேண்டாம். 2012 முதல் இயங்கும் தேசிய சட்ட உதவி அறநிறுவனம், வை.பி.ஜி.கே., கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களிலேயே ஆள் அனுப்புகிறது. அரசின் சட்ட உதவித் துறை இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் பினாங்கில் உண்டு. "ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால், இவர்களில் ஒருவரிடம் பேசும்வரை மகன் எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது. சென்ற ஆண்டு வழக்கில் அவனுக்கு வழக்கறிஞர் இருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த முறை அப்படி விட்டுவிடாதீர்கள்.

மகளுக்காகத் தனியாக ஒன்று. கண்காணிப்பு ஆணை அவள்மேல் போடப்படவில்லை. அவள் கைப்பேசியும் பையும் அவளுடையவை. பெண்ணை உடல்சோதனை செய்ய வேண்டுமானால் பெண் அதிகாரிதான், கண்ணியத்தோடு செய்ய வேண்டும். அன்றிரவு அவள் அறையில் நடந்தது அவளை உறுத்துகிறது என்றால், பட்டியல் தரவில்லை, அட்டை காட்டவில்லை என்றால் அவற்றையும் சேர்த்துப் போலீஸ் புகார் செய்யுங்கள். அதே நிலையத்தில் செய்ய வேண்டியதில்லை. எந்த நிலையத்திலும் செய்யலாம். 2023 ஜூலையிலிருந்து செயல்படும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும், மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் உள்ள சிறார் ஆணையருக்கும் எழுதலாம். புகார் செய்தால் பழிவாங்குவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. பதிவில் ஏறிய புகார் பல நேரங்களில் குடும்பத்துக்குக் காவலாகவே இருக்கிறது என்பதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். புகார் செய்வதா வேண்டாமா என்பதை மகளையும் கேட்டு முடிவு செய்யுங்கள். மகனின் பெயரும் படமும் பள்ளியும் எந்தப் பத்திரிகையிலும் வரக் கூடாது என்பது சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. மீறினால் பத்தாயிரம் வெள்ளிவரை அபராதமோ ஐந்தாண்டுவரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். ஆகவே நீங்களும் ஆத்திரத்தில் அவன் படத்தைப் போட்டு நியாயம் கேட்கக் கிளம்பாதீர்கள்.

தைப்பூசத்துக்கு அவனைப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போக முடியும் என்றே நினைக்கிறேன், முறையாகக் கேட்டால். பெற்றோருடன் போகலாம், அல்லது அனுமதியோடு போகலாம் என்று ஆணையில் இருந்தால், நன்னடத்தை அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் எட்டு மணி என்று மட்டும் இருந்தால், அந்த இரவுகளுக்காக நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். பிறையிலிருந்து எப்போது கிளம்புவீர்கள், யார் யார் கூட இருப்பார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கடிதத்தில் எழுதுங்கள். "சரி, போய் வாருங்கள்" என்று வாயால் சொன்னதை நம்பி இரவில் பினாங்குப் பாலம் தாண்டாதீர்கள். அதிகாரி நல்லவராகவே இருந்தாலும், வழியில் நிறுத்திக் கேட்கும் போலீசுக்கு அவர் சொன்னது தெரியாது. கடிதத்தைக் கொடுக்கும்போது ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி, நீதிமன்ற ஆணையோடு சேர்த்து உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.